வலது முன்னங்கால்

சோபாவுக்கு அடியில் போனது போனதுதான், வாலின் வெள்ளை நுனி மட்டும் வெளியே தெரிகிறது, அதுவும் அசையவில்லை. யார் வந்தாலும் மேல விழுந்து நக்கும் மேடம், கொரியர் கொடுக்க வர்றவரக்கூட விடாது, இன்னிக்கு என்னமோ பண்ணுது என்று ஹேமலதா தரையில் கன்னம் படுமளவு குனிந்து உள்ளே பார்த்தபடி சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கிற குரல். அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது, அது சந்தோஷம் என்று எனக்குப் படுகிறது, நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. லட்டு, லட்டுக்குட்டி, வெளிய வாடா, உன்னத்தானே பாக்க வந்திருக்காங்க. லட்டு. உருண்டையாக, மஞ்சளாக, கையில் நெய் ஒட்டுகிற ஒரு பெயர். என்னிடம் இருந்த வரைக்கும் அது ஏழு. காதின் உள்பக்கம் பச்சை குத்தியிருக்கும் எண் நூற்று ஏழு, மருந்துச் சோதனைக்கு வளர்க்கும் நாய்களுக்குப் பெயர் வைக்கக்கூடாது, பெயர் வைத்தால் ஊசி பிடிக்கிற கை நடுங்கும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிவிட்டார்கள். நான் பெயர் வைக்கவில்லை. நூறைக் கழித்துவிட்டுக் கூப்பிட்டேன், கழித்தல் பெயர் வைப்பதாகாது. ஏழு என்றால் கூண்டின் மூலையிலிருந்து எழுந்து வரும், காது இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஆபீசுக்கு வருகிற பெரிய மனிதரைப்போல. இப்போது ஹேமலதா தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருக்கும் இந்தச் சிறு இடைவெளியில், அவளுடைய பெண் சம்யுக்தா போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உதடு பிரியாமல் ஏழு என்கிறேன். வால் நுனி ஒரு விரற்கடை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்கள் கெஞ்சுகின்றன, ஆனாலும் நான் உட்காராமல் வீட்டைப் பார்க்கிறேன், பார்ப்பதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். புது விதிப்படி, சோதனை முடிந்த நாயை முன்போல ஊசி போட்டு முடித்துவிடக்கூடாது, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும், கொடுத்த மூன்றாம் மாதம் ஒருவர் போய்ப் பார்த்து வந்து கூட்டத்தில் சொல்லவேண்டும். கூட்டம் வியாழக்கிழமை. இந்த வீடு சரியில்லை என்று நான் சொன்னால் வெள்ளிக்கிழமை வண்டி வரும், வேறு வீடு கிடைக்கிறவரை நாய் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும், என் பிரிவில், என் கண்ணெதிரில். வேறு வீடு சுலபத்தில் கிடைக்காது. ஹேமலதாவுக்கும் இது தெரியும், அதனால்தான் நான் எதைப் பார்க்கிறேனோ அதை அவளும் பார்க்கிறாள். நான் டைல்ஸைப் பார்த்தால் வழுக்காது மேடம், ஓடற எடத்துல மேட் போட்டிருக்கோம் என்கிறாள். பால்கனிக் கம்பியைப் பார்த்தால் வலை அடிக்கச் சொல்லியிருக்கு, அவர் ஏர்போர்ட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் இன்னிக்கே கேட்டுடறேன் என்கிறாள். மேஜைமேல் ஒரு தட்டில் திராட்சை இருக்கிறது. திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகம் கெட்டுவிடும், அது ஒன்று போதும். கூட்டத்தில் நான் அதைச் சொல்லும் குரல்கூட எனக்குக் கேட்கிறது, வருத்தப்படுகிற, பொறுப்பான குரல், கைக்கெட்டும் உயரத்தில் திராட்சை வைத்திருந்தார்கள் என்று. நாயின் வாய்க்கு எட்டாது. நாற்காலி இழுத்துப் போட்டிருந்தால் எட்டும். நாற்காலி இழுத்துப் போட்டிருக்கவில்லை.

இந்த நாயை எனக்கே கொடுங்கள் என்று நான் கேட்டேன். அதுதான் இங்கே யாருக்கும் தெரியாது. நாயை வைத்துக்கொள்ள என் வீட்டுக்காரர் அருள் ஹவுஸ் ஓனரிடம் இரண்டு தடவை போய்ப் பேசி, மாடியில் கட்டமாட்டோம், உள்ளேயே வைத்துக்கொள்வோம், நாற்றம் வராது என்றெல்லாம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார். ஒன்ன விட நாய்க்குத்தான் நான் கெஞ்சறேன் கிருபை, கல்யாணத்துக்குக்கூட உங்கப்பாகிட்ட இப்படிக் கெஞ்சல என்றார். அப்புறம் கூட்டம். எங்கள் கம்பெனியில் எந்த மிருகத்தின்மேல் எந்த மருந்தைப் போடுவதானாலும் அந்தக் கூட்டத்தில் கேட்டுத்தான் போடவேண்டும், அரசாங்கம் ஒரு ஆளை அனுப்பும், எங்களுக்கு வருவது ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒரு அம்மாள், காட்டன் புடவை, பெரிய கைக்கடிகாரம். பன்னிரண்டு நாய் ஏன், எட்டு போதாதா, எலியில் பார்த்தது நாய்க்கு எதற்கு, முடிந்த பிறகு இவை எங்கே போகும் என்று வரிசையாகக் கேட்பார், சத்தம் போடமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். என் முறை வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரத்தம் எடுத்த கை வேண்டாம்மா என்றார். அது எல்லாத்தையும் மறக்கணும். உங்களையும் சேர்த்துத்தான். என்னை ஏன் மறக்கவேண்டும், நான் என்ன செய்தேன், ஊசியை மறக்கட்டும், கூண்டை மறக்கட்டும், ஜன்னல் இல்லாத அந்தச் சுவர்களை, கழுவிவிட்ட தரையின் பினாயில் வாடையை மறக்கட்டும், என்னை ஏன். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்து கையுறைகளை மாற்றிக்கொண்டேன். அந்தச் சரியை மூன்று மாதமாக வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். கரையவும் இல்லை, துப்பவும் முடியவில்லை.

என்னை மட்டும் மறக்காது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. என்கூட வேலை செய்யும் சந்தானம் ரத்தம் எடுக்கப் போனால் இரண்டு பேர் பிடிக்கவேண்டும், ஒருவர் கழுத்தை அணைத்து, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி, ஏழு கத்தாது, ஆனால் உடம்பு முழுவதையும் பலகையாக்கிக்கொள்ளும், சந்தானத்துக்கு நெற்றி வேர்த்துவிடும். நான் போனால் யாரும் வேண்டாம். முதல் சில வாரம் ஊசியே கொண்டுபோகாமல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பேசுவேன், தின்ன எதுவும் கொடுக்கக்கூடாது, அளந்த உணவு, ஒரு பிஸ்கட் கூடினாலும் மருந்தின் கணக்கு மாறிவிடும், அதனால் வாயால் கொடுப்பதுதான், நல்லது நல்லது என்று. அப்புறம் ஒரு நாள் நான் மேஜைப்பக்கம் வந்து கையில் ஸ்பிரிட் தடவிக்கொண்டு திரும்பினால் ஏழு தானாக உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வலது முன்னங்காலை என்முன் நீட்டியிருந்தது. முடி மழித்த சின்ன சதுரம் மேல்பக்கமாக. கட்டைவிரலால் முழங்கைப் பக்கம் அழுத்தி ஒரு உருட்டு உருட்டினால் நரம்பு எழும்பி வரும், ஒரு குத்துத்தான், இரண்டாவது தடவை குத்தியதே இல்லை. பஞ்சை வைத்து அழுத்துகிறவரை கால் என் கையில் அப்படியே கிடக்கும், கனமாக, தூங்குகிற குழந்தையின் காலைப்போல. சந்தானம் கதவருகில் நின்று, பாருங்கப்பா, மாப்பிள்ளை பாணிக்கிரகணத்துக்குக் கைய நீட்டிட்டாரு, வெக்கத்துல மொகத்தத் திருப்பறாரு என்பான். அது வெட்கம் இல்லை, நம்பிக்கை என்று நான் நினைத்தேன். ஊசி போட்டுக்கொள்ளும்போது நாமும்தானே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டுவிடுகிறோம், யாரிடம் விடுகிறோம், நம்புகிறவரிடம்தானே. நாயை இந்த வீட்டுக்கு அனுப்பிய அன்று சந்தானம், மாப்பிள்ளைக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிடுச்சு, அக்கா மொகத்தப் பாருங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வண்டியின் பின்கதவை நான்தான் சாத்தினேன்.

காபி வருகிறது, நான் சோபாவில் உட்காருகிறேன். காபியோடு, எப்போது சோபாவுக்கு அடியிலிருந்து நழுவியதோ, நாயும் வருகிறது, ஹேமலதாவின் நைட்டி ஓரத்தை மூக்கால் தொட்டுக்கொண்டு, அவள் கால்களை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. கொழுத்திருக்கிறது. எங்களிடம் இருந்தபோது விலா எலும்பை எண்ணலாம், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்போம், இப்போது முதுகு அகன்று நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. முடியில் பளபளப்பு. எதைச் சொல்வேன், கொஞ்சம் எடை கூடிவிட்டது என்று சொல்லலாம், இதயத்துக்கு ஆகாது. ஹேமலதா பேசிக்கொண்டே இருக்கிறாள், பயத்தில் பேசுகிறாள் என்று தெரிகிறது, ஆனால் ஒவ்வொன்றும் என்மேல் வந்து விழுகிறது. வந்த புதுசில் மாடிப்படி ஏறத் தெரியாமல் முதல் படியிலேயே நின்றுவிட்டதாம், அவள்தான் தூக்கிக்கொண்டு ஏறினாளாம், ஒவ்வொரு படியாகக் காலை எடுத்துவைத்துப் பழக்கினாளாம். புல்லில் விட்டால் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததாம், சுடுகிற மாதிரி. முதல் மழைக்கு பால்கனியில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றதாம். முதல் இடிக்கு அவள் புடவைக்குள் வந்து புகுந்துகொண்டதாம். குரலே கிடையாதோ என்று பயந்துபோனோம் மேடம், ஒரு நாள் தண்ணி டேங்க் மேல காக்கா உக்காந்திருந்துச்சு, அதப் பாத்து ஒரு ஊளை விட்டான் பாருங்க, ப்ளாக் முழுக்க வெளிய வந்துட்டாங்க, நான் அழுதே போயிட்டேன். ஊளையா. இத்தனை நாள் நானும் கேட்டதில்லை. மழை, புல், படி, இடி, காக்கை, எல்லாவற்றின் முதலும் இவளுக்குப் போய்விட்டது, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவளுக்கு எல்லாப் பலகாரமும் ஒரே இலையில் வந்து விழுந்த மாதிரி. என்னிடம் இருப்பது முதல் ஊசி. பழைய விதி இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. சோதனை முடிந்தால் எதுவும் வெளியே போகாது, கடைசி ஊசியும் நாங்கள்தான் போடுவோம், அதே மேஜை, அதே கால். அந்த நாய்கள் யார் புடவைக்குள்ளும் போகவில்லை, யாரையும் பார்த்து ஊளையிடவில்லை, கடைசியாகப் பார்த்தது என்னைத்தான். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது. நான்தான் நினைத்தேனா. காபி டம்ளரை மேஜையில் வைக்கிறேன், டபராவில் கொஞ்சம் சிந்துகிறது. ஹேமலதா உடனே துணி எடுத்துத் துடைக்கிறாள், சர்க்கரை கம்மியா மேடம் என்கிறாள்.

சம்யுக்தா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வித்தை காட்டுகிறாள். உட்காரு என்றால் உட்காருகிறது. உருளு என்றால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது, நான்கு காலும் காற்றில், வெட்கமே இல்லாமல். அதன் வயிற்றை நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கிறேன், பரிசோதனைக்குப் புரட்டும்போது, அதுவாகக் காட்டிப் பார்த்ததில்லை. நெஞ்சில் ஓர் இடம் எரிகிறது, காபி சூடாகக்கூட இல்லை. எல்லாம் பண்ணுவான் ஆன்ட்டி, ஷேக் ஹேண்ட் மட்டும் தரமாட்டான் என்கிறாள் அந்தப் பெண். சிக்கன் கொடுத்தும் பார்த்தாச்சு, சீஸ் கொடுத்தும் பார்த்தாச்சு, கையத் தொட்டாலே இழுத்துக்கிட்டு சோபாக்கு அடியில ஓடிடுவான், இந்தா பாருங்க. அவள் கையை நீட்டுகிறாள், நாய் வலது காலை மார்புக்குள் மடித்துக்கொண்டு பின்வாங்குகிறது. ஹேமலதா சிரிக்கிறாள், அது ஒண்ணுதான் அவனுக்கு வரல மேடம், என்ன ரகசியமோ. நான் நிமிர்ந்து உட்காருகிறேன். எரிந்த இடத்தில் குளிர்ந்த ஏதோ பரவுகிறது. மூன்று மாதம், சிக்கன், சீஸ், லட்டுக்குட்டி, புடவை, மழை, எதற்கும் கிடைக்காத ஒன்று. எனக்குத் தரும். ஒரு பிஸ்கட்கூட இல்லாமல் எனக்குத் தந்தது. அதைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும், இவள் பார்க்கவேண்டும், கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் இது மறக்கவில்லை என்பது ஒருவருக்காவது தெரியவேண்டும். சோபாவிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போடுகிறேன். கைப்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொள்கிறேன், விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஏன் எடுக்கிறேன் என்று யோசிக்கவில்லை, மிருகத்தைத் தொடுமுன் கை தானாகச் செய்கிற காரியம் அது, சாப்பிடுமுன் இலையில் தண்ணீர் தெளிப்பதுபோல.

ஸ்பிரிட் வாடை பரவுகிறது. பின்வாங்கி நின்ற நாய் மூக்கை உயர்த்துகிறது. வால் கீழே இறங்குகிறது. இரண்டு எட்டு, மூன்றாவது, அவசரப்படாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து, உட்கார்ந்து, முகத்தை டிவி இருக்கும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வலது முன்னங்காலை நீட்டுகிறது. அய்யோ என்று சம்யுக்தா கத்துகிறாள், அம்மா பாரும்மா, ஆன்ட்டிக்கு மட்டும் தரான் பாரும்மா. நான் ஹேமலதாவைப் பார்க்கிறேன், அதற்காகத்தானே செய்தேன். அவள் சிரிக்கத்தான் செய்கிறாள், உதடு மட்டும் சிரிக்கிறது, கண் நாயின் காலிலேயே நிற்கிறது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஏறி வரும்போது லிப்ட் கண்ணாடியில் பார்த்த முகம். என்ன இருந்தாலும் மொதல்ல தொட்ட கைதான் மேடம் என்கிறாள், நாங்க என்ன செஞ்சு என்ன. கால் என் கையில் கிடக்கிறது. அதே கனம். மழித்த சதுரத்தில் முடி வளர்ந்துவிட்டது, சுற்றி இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பாக, மென்மையாக. முழுதாக மறைக்கவில்லை, தேடினால் தெரியும், என் கட்டைவிரல் தேடவில்லை, அதற்கு இடம் தெரியும், போய் அழுத்தி ஒரு உருட்டு உருட்டிவிட்டது. நரம்பு எழும்பி வருகிறது. தோலுக்கு அடியில் துடிப்பு வேகமாக, மிக வேகமாக. அப்போதும் இப்படித்தான் துடித்ததா. துடிப்பு கூடுதல் என்று எழுதிவைத்தும் இருக்கிறேன், மருந்தினால் என்று. கால் நடுங்கவில்லை, இழுக்கவில்லை, சிக்கனுக்கு இழுத்துக்கொண்ட கால். இந்த வீட்டில் இழுத்துக்கொள்ளலாம் என்று அது தெரிந்துகொண்டிருக்கிறது. என்னிடம் இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாளும் தெரிந்திருக்கவில்லை. பழைய விதி இருந்தபோது நாற்பத்து நான்கு என்று ஒரு நாய் இருந்தது, கடைசி நாளில் அதுவும் தானாகத்தான் நீட்டியது, நல்லது நல்லது என்று சொன்னேன், நம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாயின் காது என் முழங்காலில் படுகிறது, உள்பக்கம் பச்சை எண், மங்கிப்போய், ஆனால் படிக்கலாம். அது இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குத்து வரவில்லையே என்று காத்திருக்கிறது. எப்போது முடிந்தது என்று அதற்கு யார் சொல்வது, பஞ்சு வைத்து அழுத்தினால்தான் முடிந்தது என்று அதற்குத் தெரியும்.

எப்படி ஆன்ட்டி பழக்குனீங்க, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்களேன், இருங்க இருங்க, இன்னொரு தடவை, நான் வீடியோ எடுத்துக்கறேன் என்று சம்யுக்தா போனைத் தேடுகிறாள். நான் கட்டைவிரலை எடுத்து, உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன், பஞ்சு வைத்துப் பிடிக்கிற நேரம் வரைக்கும், பிறகு விடுகிறேன். நாய் எழுந்து ஹேமலதாவின் கால்களுக்குப் பின்னால் போய் நின்று உடம்பை ஒரு தடவை உதறிக்கொள்கிறது. பழக்கல என்கிறேன். என் குரல் கூட்டத்தில் சரி மேடம் என்று சொன்ன குரலாக இருக்கிறது. அது இங்க வேண்டாம்மா, அதக் கேக்காதீங்க, அவன் தரலேன்னா தராமலே இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஹேமலதாவுக்கும் புரிந்ததா தெரியவில்லை, அவள் வேறொன்றில் இருக்கிறாள், துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு கடைசியில் கேட்டேவிடுகிறாள், திருப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்களா மேடம். திராட்சைத் தட்டு மேஜைமேல் அப்படியே இருக்கிறது. அத மட்டும் மேல வச்சுடுங்க, அவனுக்கு ஆகாது என்கிறேன். அவ்வளவுதானா மேடம் என்கிறாள். அவ்வளவுதான், இங்கயே இருக்கட்டும், வியாழக்கிழமை சொல்லிடறேன். அவள் கண் நிறைந்துவிடுகிறது, அதை மறைக்கக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள், உள்ளேயிருந்தே அடுத்த தடவையும் நீங்கதானே வருவீங்க, சும்மாவும் வாங்க மேடம், அவனுக்கு உங்கள அவ்வளவு பிடிச்சிருக்கு என்கிறாள். வேற யாராவது வருவாங்க என்கிறேன். யார் வருவார்கள், சந்தானத்தை அனுப்பக்கூடாது, ஊசியைக் கையில் எடுக்காத ஒருவராகப் பார்த்து அனுப்பச் சொல்லவேண்டும், அலுவலகத்து ஆள் யாராவது. அந்த டாக்டர் அம்மாளிடம் காரணம் சொல்லவேண்டியிருக்கும். கண்ணாடியைக் கழற்றுவார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொள்கிறேன். ஹேமலதா முன்னால் போய் லிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு, இது இப்படித்தான் மேடம், நாலாவது மாடியில யாரோ கதவ மூடாம விட்டிருப்பாங்க என்று மேலே பார்த்துச் சொல்கிறாள். சம்யுக்தா போன் கிடைத்து சார்ஜ் இல்லாமல் இருக்க, வயரைத் தேடி உள்ளே ஓடுகிறாள். நாய் நிலைப்படி வரைக்கும் வந்திருக்கிறது. என் கையிலிருந்து வாடை இன்னும் போகவில்லைபோல. உட்கார்ந்து, முகத்தைக் கதவுப்பக்கம் திருப்பிக்கொண்டு, மறுபடியும் வலது காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. லிப்ட் வரும் சத்தம் கேட்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் காலைப் பிடித்து மெல்லத் தரையில் வைக்கிறேன்.